சீதாவுக்கு ஒரு பெரட்டு

நான் கொம்பை எடுத்து ஒரு ஊது ஊதினால் கூலியாட்கள் குடியிருக்கும் லயமே எழுந்து நிற்கும். காய்ச்சலில் கிடக்கிறவன்கூடக் கம்பளியை உதறிவிட்டு ஓடி வருவான். அம்பிட்டியக் காப்பித் தோட்டத்துக் கங்காணி கறுப்பையா என்றால் சும்மாவா? விடிந்தும் விடியாமல் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. வீட்டில் மட்டும் கொஞ்சம் உண்டு.

கொஞ்சம் என்றா சொன்னேன்? சரி, விடுங்கள்.

கண்டிக்கு ரயில் வந்த வருஷம் அது. எங்கே போனாலும் அதே பேச்சு. மாடு இல்லையாம், குதிரை இல்லையாம், நெருப்பைத் தின்றுவிட்டுத் தானே ஓடுகிறதாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். காப்பிப் பழம் பறிக்கிறவர்களை அதட்டும்போதே பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் கண்டிப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

அப்போதுதான் கடைக்காரப் பளீல் நானா வாசலுக்கு வந்தார்.

"கங்காணி, வாற ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நானும் என்ட பொஞ்சாதி பஸீஹாவும் ரயில்ல கடுகண்ணாவைக்குப் போறம். அவட உம்மா வீடு அங்கதானே. ஸ்டேஷன் வரைக்கும் என்ட மாட்டு வண்டி. இன்னும் ஒராளுக்கு எடமிருக்கு. வாறீங்களா?"

"வாறீங்களாவா? இப்பவே வண்டியில ஏறி உக்காந்துக்கிறேன் நானா!"

அடுப்படியிலிருந்து என் மனைவி அங்கம்மாவின் குரல் வந்தது.

"ஒரு ஆளுக்கு எடம்னா, அந்த ஆளு நானா இருக்கக் கூடாதா?"

"நீயா? அப்ப புள்ளய யாரு பாக்குறது?"

"பெத்த அப்பன் நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"மூணு வயசு ஆகப் போகுது, இன்னும் ஒண்ணுக்கு வந்தா சொல்லத் தெரியல. பாயி நனைஞ்சாச்சு, கம்பளி நனைஞ்சாச்சு, எம் மடி நனையாத நாளே இல்ல. இவள வச்சுக்கிட்டு ஒரு ஆம்பள தனியா என்ன செய்வான்? எல்லாம் நீ பழக்குன லெச்சணம்!"

"அப்படியா? நீங்க பழக்குங்களேன் பாப்போம்."

"லயத்தையே பழக்குறவன் நான். இந்தப் பொடிசு எம்மாத்திரம்?"

"சரி. அந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பழக்கிட்டா நீங்களே ரயில்ல போங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். பழக்கலேன்னா நான் போறேன், நீங்க புள்ளய பாருங்க."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

"நான்தான் சாட்சி," என்றார் பளீல் நானா. சொல்லிவிட்டு எதற்கோ சிரித்தார்.

எங்கள் மகள் சீதா வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டே நனைத்தாள். நிற்கக்கூட இல்லை.

அன்றைக்கே பங்களாச் சமையல்காரனிடம் கெஞ்சி ஒரு பீங்கான் சட்டி வாங்கி வந்தேன். துரை கட்டிலுக்கடியில் வைத்திருந்த சட்டி. காது உடைந்ததால் கழித்துவிட்டார்கள். சுற்றிவர ரோஜாப்பூ.

"அட, நம்ம கஞ்சிச் சட்டிய விட அழகா இருக்கே!" என்றாள் அங்கம்மா.

"கை வைக்காத! இது ஆபீசுச் சாமான் மாதிரி. சீதா, இங்க வா. உக்காரு!"

உட்கார்ந்தாள். நான் எதிரில் குந்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் கால் மரத்துப் போனது. அவள் சாவகாசமாக எழுந்தாள், பாய்மேல் கிடந்த என் சிவப்புத் தலைப்பாகையிடம் போனாள், குந்தினாள், முடித்தாள். துரை கையால் கொடுத்த தலைப்பாகை அது!

"அடியே!"

"கத்தாதீங்க, புள்ள மெரளுது," என்று அங்கம்மா அவளைத் தூக்கிக்கொண்டு போய் வாயில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தாள்.

"தப்புப் பண்ணினவளுக்குக் கருப்பட்டியா?"

"பயந்த புள்ளைக்கு இனிப்புக் குடுக்கணும். நீங்களும்தான் குடுத்துப் பழக்குங்களேன்."

"கங்காணி லஞ்சம் குடுக்க மாட்டான். அதட்டல்தான்!"

அதட்டினேன். மறுபடியும் தலைப்பாகை. துவைத்துக் காயப் போட்டேன். கொடியிலிருந்து அதை இழுத்துக் கீழே போட்டு நனைத்தாள். மறுபடியும் கருப்பட்டி. கூடையில் ஒளித்து வைத்தேன். கூடையோடு நனைத்தாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அங்கம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடினாள். அந்தப் பாட்டு வேறு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

கடைசியில் மூளை வேலை செய்தது. லயத்தை எது எழுப்புகிறது? கொம்பு. சீதாவுக்கும் கொம்புதான்!

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். ரயிலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். பிள்ளையைச் சட்டியில் உட்கார வைத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன் பாருங்கள், அம்பிட்டிய மலையே அதிர்ந்தது.

சீதா கை தட்டினாள்.

அவ்வளவுதான். லயத்தில் படபடவென்று கதவு திறந்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கத்தியோடு ஆண்கள் வந்தார்கள். சோற்றுக் கையோடு ஒருவன் ஓடி வந்தான். என் வாசலில் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். நான் ஒரு கையில் கொம்பும் மறு கையில் சீதாவின் பாவாடையுமாகச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

"என்ன கங்காணி, ஞாயித்துக்கெழமையும் பெரட்டா? அடுக்குமா இது?" என்று அடுத்த வீட்டு வீரம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"அது வந்து... இல்ல... நீங்க போங்க..."

அங்கம்மா முன்னால் வந்தாள். "ஒண்ணுமில்லக்கா. எம் மக ஒண்ணுக்குப் போகப் போறா. கங்காணி ஆள் கூப்புட்டிருக்காரு. வரிசையா நின்னு பாருங்க."

சிரித்தார்கள் பாருங்கள்! சோற்றுக் கைக்காரன் தரையில் உருண்டான். இத்தனை கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சீதா எழுந்தாள், நேராக வந்தாள், என் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் ஊதிய ஒவ்வொரு விடியற்காலைப் பெரட்டிலும், "கங்காணி, இது எங்களுக்கா, சின்னம்மாவுக்கா?" என்று எவனாவது கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தைப் பார்ப்பேன், சீதாவைப் பார்ப்பேன், இரண்டும் பெய்யுமோ என்று பயம். சட்டியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. ரோஜாப்பூ வாடாமல் சிரித்தது.

அடுத்த ஞாயிறும் வந்தது. பளீல் நானா வண்டியை நிறுத்தினார்.

"ஏறப்போறது ஆரு கங்காணி?"

நான் வாய் திறப்பதற்குள் அங்கம்மா ஏறி பஸீஹா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். புதுச்சேலை. அதை எப்போது எடுத்து வைத்தாளோ!

"பழைய துணியெல்லாம் மூலையில இருக்கு. நனைய நனைய மாத்துங்க. கோவப்படாதீங்க, பச்சப் புள்ள."

"அங்கம்மா, எனக்கும் ஆசையா இருக்கு புள்ள..."

"அடுத்த தரம் பாத்துக்கலாங்க. போயிட்டு வர்றேன்."

வண்டி திருப்பத்தில் மறைந்தது. பட்டாளத்துக்குத் துணி அடுக்கினதுபோல் பழந்துணியை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தூரத்தில் ரயில் ஊதியது. என் கொம்பெல்லாம் அதற்குக் கால் தூசு.

சீதா என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். மூலைக்குப் போனாள். ரோஜாப்பூச் சட்டியைத் தானே இழுத்து வைத்தாள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தாள். முடித்தாள். வெளியே ஒரு சொட்டு இல்லை.

"என் தாயி! என் கண்ணு! இதெல்லாம் எப்ப பழகுன?"

அவள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அப்பா, கருப்பட்டி."

"எதுக்குடா கண்ணு கருப்பட்டி?"

"தலப்பாவுல பேஞ்சா ஆத்தா குடுக்கும். ஆத்தா ரயிலுக்குப் போனப்பறம் சட்டியில பேஞ்சா, அப்பா குடுக்கும்னு சொல்லிச்சு."