கொக்கியாரும் அந்தோணியின் பத்து விரல்களும்

இந்த உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை என்று வாழ்நாள் முழுக்கக் கோபமாக இருந்த ஒரே மனிதர் கொக்கியார்தான். சட்டைப் பொத்தான் காஜாவில் சேருகிற விதம் அவருக்குப் பிடிக்காது. கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் சேருகிற விதம் பிடிக்காது. தேர்தல் கூட்டணிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்குப் போனால் தாலி முடிச்சை எட்டிப் பார்த்து, "இது தாங்காது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார். அவர் அப்படிச் சொன்ன கல்யாணங்கள் எல்லாம் இன்றுவரை தாங்கிக்கொண்டிருக்கின்றன. அதிலும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கரியமாணிக்கம் கிராமத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு டிராக்டர் கொட்டகை. சுற்றுவட்டாரக் கரும்பையெல்லாம் ஆலைக்கு இழுத்துப் போகிற ஒன்பது டிராக்டர், பதினெட்டு டிரெய்லர் அங்கே நிற்கும். லோடு சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. அதனால் நான் ரைட்டரம்மா. வெல்டிங் வேலை அவருக்கு; ஆனால் அவரை வெல்டர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் பண்டசோழநல்லூர் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கொக்கியார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்கு வலது கையின் நான்கு விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கி நீட்டினார்.

"நீயும் மடக்கு. ஆங், அப்பிடி. இப்ப கோத்து இழு."

இழுத்தேன். அவரும் இழுத்தார். இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது.

"பாத்தியா ரைட்டரம்மா, வளையல்தான் ஒடஞ்சிது. கொக்கி வுடல. ரெண்டு ரயில் பொட்டி இப்பிடித்தான் கோத்துக்குது. தானா வந்து முட்டும், தானா பூட்டிக்கும். நடுவுல ஒரு மனுசன் தேவையில்ல."

அவரோடு யார் கை குலுக்கினாலும் இதே கதிதான். முதலில் கை நழுவுகிறவர் தோற்றவர். வளையலை நினைத்து நான் தினமும் உடனே கையை விட்டுவிடுவேன். "சும்மா வுடாதம்மா, இழு" என்று அதற்கும் திட்டுவார்.

விழுப்புரம் ரயில்வே யார்டில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தேன் என்பார். டிரைவர்கள் நம்ப மாட்டார்கள். "ரயில்ல பொட்டி கோத்தேன்னு சொல்ற. பத்து வெரலும் பத்திரமா இருக்குதே?" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்து நிற்பார். அந்தக் காலத்து வெளிநாட்டு ரயிலில் ஒரு வளையமும் அதில் செருகுகிற ஒரு இரும்புப் பின்னும்தானாம். இரண்டு பெட்டி வந்து முட்டுகிற நேரத்தில் நடுவில் நிற்கிற ஆள் கையால் பின்னைப் போட வேண்டும். புதிதாக வேலை கேட்டு வருகிறவனின் கையைத்தான் மேஸ்திரி முதலில் பார்ப்பானாம். விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி, உடனே வேலை. அப்புறம் ஒரு துணிக்கடைக் குமாஸ்தா உட்கார்ந்து, மடக்கின கைகள் கோத்துக்கொள்கிற மாதிரி மரத்தில் செதுக்கி, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியைக் கண்டுபிடித்தானாம்.

"ரயில் ஓட்டத் தெரியாதவன், ஜாக்கெட் துணி கிழிச்சிக்கினு இருந்தவன், அவனுக்குத் தெரிஞ்சிது. நம்ம ஆளுங்களுக்கு இன்னும் தெரியல. ஒரு டிராக்டருக்குப் பின்னால ரெண்டு டிரெய்லர் கோத்தா அது இன்னா? ரயிலுதான?"

அந்த ரயிலுக்கு நடுவில் நின்று பின் போடுகிறவர் உறுவையாறு அந்தோணி. டிராக்டர் பின்னால் வரும். அந்தோணி நடுவில் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் டிரெய்லருக்கு முன்னால் நீட்டியிருக்கிற இரும்பு மூக்கைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்ததும் மறு கையால் பின்னை இறக்குவார். டிரைவருக்கு அவர் தெரிய மாட்டார். குரல் மட்டும் கேட்கும். இதே அந்தோணி முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். வில்லியனூர் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அவர் வாசிப்புக்கென்றே தேதி கேட்டு வருவார்கள். அந்தப் பத்து விரல்கள் பின்னுக்குப் பக்கத்தில் போவதைக் கொக்கியாரால் பார்க்க முடியாது.

முதலில் ஒரு சட்டம் போட்டார். பின் போட்டவன் வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் டிரைவர் கியரைத் தொட வேண்டும். டிரைவர்கள் சிரித்தார்கள். அடுத்து, வெளியே நின்றபடியே பின்னை இறக்குவதற்கு முனை வளைந்த நீளக் கம்பி ஒன்று செய்துகொடுத்தார். அந்தோணி அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் முருங்கைக்காய் பறித்தார்.

"கம்பியால போட்டா என்னிய எவன் ஆம்பளன்னு சொல்லுவான்?"

"கிளாரினெட்ட மூக்கால வாசிச்சா எவன் சொல்லுவான்?" என்றார் கொக்கியார். நான்கு நாள் இருவரும் பேசவில்லை.

பிறகு முதலாளியிடம் போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலாளி கேட்டார், "முப்பது வருசமா இப்பிடித்தான ஓட்றோம். எவன் கை போச்சி?"

அவர் கேட்டு முடித்த அதே நேரத்தில், வாட்ச்மேன் பெருமாள் டீ கிளாஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வைத்த கையில் மூன்று விரல்தான் இருந்தது. அந்தோணிக்கு முன்னால் பின் போட்டுக்கொண்டிருந்தவர் பெருமாள். அந்தக் கையிலிருந்து நானும் நான்கு வருஷம் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். என்ன ஆச்சு என்று ஒரு நாள் கேட்டதில்லை. முதலாளி மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. என் மேல் வந்தது அதைவிட அதிகம்.

கொக்கியார் அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். டீயில் ஆடை படிகிற வரைக்கும் நின்றார். முதலாளிக்கே சங்கடமாகிவிட்டது.

"சரிய்யா, டிராக்டர் பக்கம் மட்டும் ஒரு கொக்கி போடு. நல்லா இருந்தா டிரெய்லர் பக்கத்த அடுத்த சீசன்ல பாக்கலாம்."

கை கோக்க இரண்டு கை வேண்டும் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்குத் தெரியும். கொக்கியார் மறுநாள் வேலைக்கு ஒற்றைச் செருப்போடு வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. கொட்டகை முழுக்க இரும்புத் தூள்; வெறுங்காலை நொண்டி நொண்டி வைத்து நடந்தார். மூன்றாம் நாள் முதலாளி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னாய்யா ஒத்தச் செருப்பு?"

"இந்தக் காலு இந்த சீசன் மொதலாளி. அந்தக் காலு அடுத்த சீசன்."

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். கொக்கியார் டிரெய்லர் பக்கத்துக் கொக்கியையும் தானே செய்வதென்று முடிவு கட்டினார். அளவு பார்க்க, சமையலுக்கு வாங்கி வைத்திருந்த சேனைக்கிழங்கில் இரண்டு கொக்கி செதுக்கினார். அவர் மனைவி கொட்டகைக்கே வந்து, "இத்த நான் கொழம்பு வெக்கறதா, டிராக்டர்ல மாட்டறதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். பழைய இரும்புப் பட்டைகளை வளைத்து, பற்றவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்தது.

டிராக்டர் மெதுவாகப் பின்னால் வந்தது. நடுவில் யாரும் இல்லை. டங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பூட்டிக்கொண்டது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். பெருமாள் பக்கத்தில் போய் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். கொக்கியார் முகத்தில் ஒரே ஒரு நிமிஷம் கோபம் இல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"செரிண்ணா, இப்ப கழட்டு" என்றார் அந்தோணி.

அங்கேதான் வினை. உள்ளே யாருடைய கையும் போய்விடக் கூடாது என்ற வெறியில், கொக்கியாரே நாலு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார். பூட்டைத் தூக்கிக் கழற்றுகிற கம்பி தகட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. கை போகவில்லை. அவர் கையும் போகவில்லை. சுத்தியலும் போகவில்லை.

மறுநாள் முதலாளி அக்கா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர்வரிசை, பூ அலங்காரம் செய்த புது டிரெய்லரில், அந்த டிராக்டரில்தான் போக வேண்டும். மற்ற எட்டும் லோடு ஏற்றப் போய்விட்டன. கரும்பு டிரெய்லரோ கழல மறுத்தது. வேறு வழியில்லாமல், கரும்பின் காய்ந்த இலைச் சோகை ஒட்டிக்கொண்டிருந்த அதே டிரெய்லரில் ஜமக்காளம் விரித்து, நூற்றியொரு தட்டையும் பட்டுப்புடவைப் பெண்களையும் ஏற்றினார்கள். மண்டபத்தில் இறங்கிய அத்தனை பெண்களும் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொறிந்துகொண்டு நின்றார்கள். வீடியோவில் அது இன்றைக்கும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து கேஸ் கட்டர் வரவழைத்துக் கொக்கியை அறுத்தார்கள். "நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத" என்றார் முதலாளி. அந்தோணி மறுபடியும் பின்னை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

கொக்கியார் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் வந்து நின்றார். காலை முதல் மாலை வரை, ஒவ்வொரு டிரெய்லர் கோக்கும்போதும் அங்கிருந்தே கத்துவார்.

"அந்தோணி, கையக் காட்டு!"

அந்தோணிக்கு மானம் போகும். போகிற வருகிற பஸ்ஸில் எல்லாம் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். கையைக் காட்டாவிட்டால் தொண்டை கிழியும் வரை நிறுத்த மாட்டார். அதனால் பின் போட்டதும் வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டிவிட்டுப் போவார். எனக்கும் எரிச்சல்தான். சீட்டில் டிரெய்லர் நம்பரை எழுதுகிற இடத்தில் ஒரு தடவை 'கையக் காட்டு' என்று எழுதிவிட்டேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ. அன்று அந்தோணி இன்னும் பின் போடவில்லை. மூக்கைத் தூக்கிப் பிடித்து, பின்னை ஓட்டையில் பாதி இறக்கியிருந்தார். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது. அந்தோணிக்குப் பொறுமை போயிற்று. மூக்கைப் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் போட்டுவிட்டு, நடுவிலிருந்து விடுவிடுவென்று வெளியே வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "யோவ், இந்தா பாத்துக்கோ, போதுமா?" என்று கத்தினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் டிராக்டர் ஒரு குதி குதித்துப் பின்னால் போய் டிரெய்லரில் மோதியது. டிரைவரின் கால் கிளட்சிலிருந்து வழுக்கியிருந்தது.

ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பும் இரும்பும் மோதின சத்தம் அடங்கின பிறகும் அந்தோணி கையை இறக்கவில்லை. ஓட்டையில் பாதி இறங்கியிருந்த பின் வளைந்து கிடந்தது. கட்டை விரல் கனம் உள்ள பின். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொக்கியார் சத்தமாக எண்ணினார். ஒன்று, இரண்டு என்று நிதானமாகப் பத்து வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்ததும் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடிவந்தார். வளைந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா அந்தோணி, புதுப் பின்னப் போயி இப்பிடிக் கோண வெச்சிட்ட?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. பேனாவை மூடினேன். சீட்டுப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ரெண்டு பக்கமும் கொக்கி வர்ற வரைக்கும் சீட்டு கெடையாது."

"ஒனக்கு இன்னாம்மா ஆச்சி?"

"எனக்கு ஒண்ணும் ஆவல மொதலாளி. அவருக்குத்தான் ஆயிருக்கும்."

சீட்டு இல்லாமல் ஆலையில் லோடு இறங்காது. டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ரோட்டு வளைவு வரை நின்றன. முதலாளி வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வேன் என்று மிரட்டினார். எழுந்தால்தானே புத்தகம் கிடைக்கும். பெருமாள் போய்க் கேட்டைச் சாத்தி, அந்த மூன்று விரலால் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் முதலாளி இறங்கி வந்து, கொக்கியாரைக் கூப்பிடச் சொன்னார்.

கொக்கியார் இரண்டு காலிலும் செருப்போடு வந்தார்.

"பதினெட்டு டிரெய்லருக்கும் போடணும். ஒண்ணு வுட்டாலும் நான் வரமாட்டன்."

"போட்டுத் தொலை."

"கழட்ற கம்பி வெளிய நீட்டிக்கினு இருக்கணும்" என்றேன் நான். கொக்கியார் முதலாளியை மன்னித்தாலும் மன்னித்திருப்பார். அதைச் சொன்னதற்காக என்னோடு ஒரு வாரம் அவர் பேசவில்லை.

பதினெட்டுக்கும் கொக்கி போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் உறுவையாற்றில் அந்தோணி மகளுக்குக் கல்யாணம். மகள் மாதா கோயிலிலிருந்து வெளியே வரும்போது அப்பாவே கிளாரினெட் வாசித்தார். ஊரே மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொக்கியார் மட்டும் கிளாரினெட்டின் மேல் ஓடுகிற விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பாட்டு பாடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் போய் முன்னால் நின்றேன். கிட்டத்தில் கண் சரியாகத் தெரியவில்லை போல; வணக்கம் சொன்னேன். குரலைக் கேட்டதும் நான்கு விரலை மடக்கி நீட்டினார். கோத்தேன். இழுத்தார். அந்தப் பழைய பிடி இல்லை. என் விரல்களிலிருந்து அவர் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவப் பார்த்தன. அவர் தோற்று நான் பார்த்ததில்லை. என் விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக மடக்கிக்கொண்டேன்.

"இன்னா ரைட்டரம்மா, வுட மாட்டன்ற? கழட்ற கம்பி வெக்கலியா?" என்று சிடுசிடுத்தார்.

"மறந்துட்டண்ணா" என்றேன்.