இல்லாத அத்தி மரத்துக்கு வழி

ஒரு விடுகதை போடுகிறேன். ஊரில் ஒரு மரம். இலை இல்லை, கிளை இல்லை, வேரும் இல்லை. ஆனால் யார் எங்கே போனாலும் அந்த மரத்தடியில்தான் திரும்ப வேண்டும். அது என்ன மரம்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. நீங்கள் லிமோன் துறைமுகத்துக்காரர் இல்லை, அவ்வளவுதான். அது எங்கள் அத்தி மரம். நான் பிறப்பதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். ஆனாலும் கோஸ்டாரிகாவில் பிறந்தவன் எவனும் தெருப் பெயர் சொல்லி வழி காட்டமாட்டான். இல்லாமல் போனதைச் சொல்லித்தான் காட்டுவான்.

என் பெயர் ஒர்வில். சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஊரை நடந்து காட்டுவது என் தொழில். அதற்குத் துறைமுகத்தில் ஓர் ஆரஞ்சு மேல்சட்டை தருவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சட்டைதான். கூட்டிப் போன பயணி கப்பலைத் தவறவிட்டால் சட்டை போய்விடும். சட்டை போனால் நான் வெறும் ஒர்வில்.

இந்தச் சுற்றுலாப் பருவத்தின் முதல் கப்பல் வந்தபோது நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனி நடப்பது பயணிகள் வேலை. வழி சொல்வது மட்டும் என் வேலை. சொல்லி அனுப்பிவிட்டுப் பூங்காவில் நண்பன் பாரெட்டோடு டோமினோ ஆடுவேன். வெயில் சாயும்போது பூங்கா மூலையில் பயணிகள் சிரித்த முகத்தோடு தோன்றுவார்கள். ஒருவர்கூடத் தொலைந்ததில்லை. என் திறமையின்மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

கார்லெட்டாவிடம் இதைச் சொல்லவில்லை. கார்லெட்டா என் மனைவி. காரக்கறி அடைத்துச் சுட்ட பட்டீ விற்கிறாள். பல கப்பல்கள் வந்துபோன பிறகு ஒரு நாள் காலை, வழக்கம்போல் மாவை மடித்து ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் நடக்கப் போறியா, ஒர்வில்?"

"வேற என்ன வேலை எனக்கு? கால் தேயுது."

"செருப்பு தேயலையே."

"நல்ல செருப்பு."

"பேன்ட்டுதான் தேயுது. அதுவும் பின்பக்கம்."

"கடல் காத்து. உப்பு."

"உப்பு உட்கார்ற இடத்தைத்தான் தேய்க்குமா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் மறுபடி முள்கரண்டியால் அழுத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது போலிருந்தது.

அன்று எனக்குக் கிடைத்தவர்கள் நார்வேக்காரர்கள். உயரமான அப்பா ஹால்வர், விசிறியும் கையுமாக அம்மா, தூவா என்று ஏழு வயதுப் பெண்.

"ரொம்பச் சுலபம்," என்றேன். "அத்தி மரம் இருந்த இடத்துக்குப் போங்க. அங்கேருந்து கடல் பக்கமா நூறு மீட்டர். பல் டாக்டர் வீடு இருந்த மூலை வரும். அங்க ஒரு சிவப்பு நாய் படுத்திருக்கும். இப்ப இல்ல, செத்துப்போச்சு. அது படுத்திருந்த பக்கம் திரும்பினா சோடா ஃபேக்டரி."

"ஃபேக்டரி இருக்கா?" என்றார் ஹால்வர்.

"எரிஞ்சு போச்சு. ஆனா இடம் அங்கேயேதான் இருக்கு."

தூவா என்னை அண்ணாந்து பார்த்தாள். "இருக்கிறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

"கடல் இருக்கு, கண்ணு."

அவர்கள் போனார்கள். நான் பூங்காவுக்குப் போனேன். ஆட்டம் எனக்குச் சாதகமாகப் போனது. வெயில் சாய்ந்தது. பூங்கா மூலை காலியாகவே இருந்தது.

"உன் ஆளுங்களைக் காணோமே," என்றான் பாரெட்.

"வருவாங்க. என் வழி அப்படி."

"கப்பல் சங்கு ஊதுது."

"அது வாழைப்பழக் கப்பல்."

"வாழைப்பழத்துக்கு நீச்சல் குளம் எதுக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கையிலிருந்த டோமினோக் கட்டைகளை அப்படியே போட்டேன்.

ஓடினேன். லாட்டரிச் சீட்டு விற்கும் பெண்ணிடம் கேட்டேன். ஓர் உயரமான வெள்ளைக்காரர், ஒரு குழந்தை?

"பார்த்தேனே. சினிமாக் கொட்டகை இருந்த பக்கம் திரும்பினாங்க."

"நிலநடுக்கத்துல விழுந்ததே, அதுவா?"

"அது இல்ல. அதுக்கு முன்னாடி இருந்தது."

"அது எங்க இருந்தது?"

"உனக்குத் தெரியாதா? நீதானே ஊரைச் சுத்திக் காட்டுறவன்?"

நாய் படுத்திருந்த மூலைக்குப் போனேன். ஃபேக்டரி இருந்த இடத்துக்குப் போனேன். கடலோரச் சுவர் முழுக்கத் தேடினேன். கடல் மட்டும்தான் சொன்னபடி இருந்தது. ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் நான் போகவில்லை. அது அத்தி மரம் இருந்த மூலை. அங்கே கார்லெட்டாவின் கடை இருந்தது. சந்தை வாசலில் இருந்த கடையைப் பருவத் தொடக்கத்தில் அங்கே மாற்றியிருந்தாள். ஆள் வராத மூலை என்று நான் சொன்னபோது, வருவாங்க என்று மட்டும் சொன்னாள்.

வேறு வழியில்லை. பேருந்து நிறுத்தத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன்.

கடை மூடியிருந்தது.

கப்பல் நாளில் கார்லெட்டா கடை மூடியதே இல்லை. நிலநடுக்கம் வந்த அன்றுகூட மூடாமல் விற்றவள். கப்பல் இரண்டாம் முறை ஊதியது. துறைமுக வாசலுக்கு ஓடினேன். ஓடும்போதே சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், யாரோ உருவிக்கொண்டிருப்பது போல.

வாசலில் மூன்று நார்வேக்காரர்களும் பட்டீ தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் கார்லெட்டா. அவளுக்குப் பக்கத்தில் சீனியா அம்மாள். சட்டை கொடுப்பதும் பிடுங்குவதும் சீனியா அம்மாள்தான்.

"வேர்த்திருக்கே. தண்ணி குடி," என்றாள் கார்லெட்டா.

"இவங்களை எங்க பார்த்தே?"

"எப்பவும் பார்க்கிற இடத்துலதான்." அவள் சீனியா அம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "இவர் வழி சொல்லி அனுப்பிடுவார். அவங்க தெருவுல போறவங்களையெல்லாம் நிறுத்தி, அத்தி மரம் எங்கேன்னு கேட்டுக் கேட்டு என் கடைக்கு வந்து நிப்பாங்க. அதுக்கப்புறம் திக்கு தெரியாது. பாவம், ஊரைச் சுத்திக் காட்டிப் பூங்கா மூலையில விட்டுட்டுப் போவேன். இன்னைக்கு என்னமோ நேரா இங்கேயே கூட்டிட்டு வந்துட்டேன்."

பருவம் முழுக்க! என் திறமை அங்கேயே என் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"நான் வழி சொன்னதாலதானே அவங்க உன் கடைக்கே வந்தாங்க?" என்றேன். "சீனியா அம்மா, நீங்களே சொல்லுங்க. ஆரம்பிச்சு வச்சது நான்."

சீனியா அம்மாள் யோசித்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு சட்டை. உங்களை யார் கூட்டிட்டுப் போனாங்கன்னு நீங்க சொல்லுங்க," என்றார் ஹால்வரிடம்.

"ரெண்டு பேருமே ரொம்ப அன்பானவங்க," என்று ஹால்வர் கப்பலைப் பார்த்தார். அவர் மனைவி வேகமாக விசிறிக்கொண்டாள்.

"அப்போ பாப்பா சொல்லட்டும். ஒர்வில், சட்டையைக் கழட்டிப் பாப்பா கையில குடு."

கழற்றினேன். பொத்தான் சீக்கிரம் வரவில்லை. கொடுத்துவிட்டு முட்டிபோட்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன். கார்லெட்டா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூவா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். சட்டையைக் கார்லெட்டாவிடம் கொடுத்தாள்.