குதிரைகளுக்கு மட்டும்

லாடம் அடிக்கிறவரிடம் போய், இனிமேல் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் காரியம். சொல்ல வேண்டியவர் லாயக்காரர். கேட்டுக்கொள்ள வேண்டியவர் அவருடைய மனைவியின் அண்ணன். அங்கேதான் சிக்கல்.

மச்சானுக்குக் கை இரும்பு, மனசு கண்ணாடி. முன்பு ஒரு தடவை சாப்பிட உட்கார்ந்தபோது, "போன தடவை ஒரு ஆணி கொஞ்சம் உள்ளே இறங்கிடுச்சு போல மச்சான்" என்று லாயக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்தவர், தங்கை வீட்டு வாசலை மறுபடி மிதிக்க ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் முழுக்க லாயக்காரருக்கு வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தட்டு மட்டும் 'ணங்' என்று பேசும்.

அப்போது சொன்னது ஒரு ஆணியைப் பற்றி. இப்போது ஆணியே வேண்டாம் என்றல்லவா சொல்ல வேண்டும்?

எல்லாம் மகாராணிக்காக. மகாராணி காவல் நிலையத்துக் குதிரை. நிலையத்தின் முன்பக்கம் லாக்கப், பின்பக்கம் லாயம், இரண்டுக்கும் தெருவைப் பார்த்து ஒரே வாசல். அங்கிருந்த குதிரைகளில் அவள்தான் மூத்தவள். மழைக்காலம் வந்தால் ஆணித் துளை வழியாக ஈரம் இறங்கிக் குளம்பு நைந்துபோகும். அடியில் கறுப்பாகக் கசிந்து நாறும். வெயில் காலத்தில் அதே துளையிலிருந்து வெடிப்பு ஓடும். அவள் நொண்டுவதைப் பார்த்த இன்ஸ்பெக்டர், மழை முடிந்து வருகிற அணிவகுப்பில் ஒரு எட்டு பிசகினாலும் கழித்துக் கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். கழித்த கிழட்டுக் குதிரையை வாங்க யார் வருவார்கள், வாங்கிப்போய் என்ன செய்வார்கள் என்பது லாயக்காரருக்குத் தெரியும்.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். லாடங்களைத் தன் கையாலேயே கழற்றி ஓரமாகப் போட்டார். குளம்பின் ஓரத்தை அரத்தால் உருட்டி ராவிவிட வேண்டும், தினமும் அடியைச் சுரண்டித் துடைக்க வேண்டும், நிற்கிற இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், கூழாங்கல் பரப்பி அதன்மேல் கொஞ்சம் நடத்த வேண்டும் என்றார். மழைக்குத் தளதளவென்று வருகிற இளம்புல்லை அள்ளிப் போடக் கூடாதாம். அதிலிருக்கிற இனிப்பு நேராகக் காலில் போய் வினை செய்யுமாம்.

"முதல்ல கூசிக் கூசித்தான் நடப்பா. பதறிப்போய் மறுபடி ஆணி அடிச்சிடாதீங்க. இந்த மழைக்காலம் முழுக்க வெறுங்காலா விடுங்க. மேலேயிருந்து நல்ல குளம்பு இறங்கி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் அடுத்த வாரம் வரப்போகிறார். லாயக்காரர் மனைவியிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினார், நீ சொன்னால் அண்ணன் கேட்பார் என்று.

"என் அண்ணன் பொழப்புல மண்ணைப் போடத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. தட்டு வந்தது. ணங்.

அந்த ஓசையில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. வாயால் சொன்னால்தானே வம்பு? ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டால் மச்சான் படித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். எப்பேர்ப்பட்ட ரோஷக்காரரானாலும் ஒரு பலகையோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

எழுத ஆளும் பக்கத்திலேயே இருந்தார், லாக்கப்பில். பெயின்டர். திருட்டு சைக்கிளுக்கு அவர் வர்ணம் பூசினால், பறிகொடுத்தவரே வந்து அதைத் தடவிப் பார்த்து விலை கேட்பார். அவ்வளவு சுத்தமான வேலை. மிச்ச சைக்கிள்கள் எங்கே என்று கேட்டால் மட்டும் புன்னகை செய்வார்.

லாயக்காரர் அனுமதி கேட்கப் போன நேரம், இன்ஸ்பெக்டர் அந்தப் புன்னகையைப் பார்த்துக் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எழுதட்டும், சும்மாதானே கிடக்கான். நாளைக்கு இவனுக்கு லாடம் கட்டினாத்தான் வாயைத் திறப்பான்" என்றார்.

லாயக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, மச்சான் அடுத்த வாரம்தாங்க வருவாரு."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். லாயக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆளைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் தடியால் விளாசுவதற்குக் காவல் நிலையத்தில் அப்படி ஒரு செல்லப்பெயர் உண்டு என்பது ஊருக்கே தெரியும். பாவம், ஆயுசு முழுக்கக் குதிரையோடு புழங்கியவருக்கு லாடம் என்றால் லாடம்தான்.

பலகையையும் வர்ண டப்பாவையும் கம்பிக்குள் நீட்டியபோது பெயின்டர் கூச்சத்தோடு ஒரு விஷயம் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. எழுத்தெல்லாம் எனக்குப் படம்தான். ஆனையைப் பார்த்து ஆனை வரையிற மாதிரி, நீங்க எழுதிக் குடுத்தா அதைப் பார்த்து வரைஞ்சிடுவேன்."

லாயக்காரருக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. இப்படி ஒரு கையைக் கொடுத்த கடவுள் நாலு எழுத்தைக் கொடுக்கக் கூடாதா? தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, காகிதத்தில் தெளிவாக எழுதினார்: 'இங்கு குதிரைகளுக்கு இனி லாடம் கட்டப்படாது.'

சாயங்காலம் பலகை தயாரானது. என்ன அழகு! சிவப்பு எழுத்து, வெள்ளை ஓரம், ஒவ்வொரு சுழியும் முத்துப் போல. அழகைப் பார்த்தவர் சொற்களைப் பார்க்கவில்லை. மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்தால் வாசலில் கூட்டம். பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்துப் போயிற்று. மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா பலகையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாக்கப்பில் இருந்தவர்கள் டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். லாயக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

'இங்கு இனி லாடம் கட்டப்படாது.'

பெயின்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பலகை சின்னதாம், நடுவில் ஒரு படம் மட்டும் நீளமாக இருந்ததாம், ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாராம். படிக்கத் தெரியாதவரை எப்படிக் கோபிப்பது? லாயக்காரர் தன்னையே நொந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் நோகவில்லை, எரிந்தார். "யோவ், குதிரைகளுக்கு மட்டும்னு தெளிவாப் போட மாட்டியா? நான் என்ன வெளியில தலை காட்டுறதா, வேண்டாமா?"

லாயக்காரர் பெரிய பலகையாகத் தேடி எடுத்தார். இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதிக் கொடுத்தார். பெயின்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் புதுப் படமும் சேர்த்துத்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். இந்தத் தடவை லாயக்காரர் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தார். ஒரு சொல்லும் குறையவில்லை.

'இங்கு குதிரைகளுக்கு மட்டும் லாடம் கட்டப்படாது.'

மத்தியானத்துக்குள் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து படம் எடுத்தாள். அப்படியானால் மற்றவர்களுக்கு எப்படி என்று வாசலில் நின்ற காவலரைக் கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார்: "அதை ஐயாவைக் கேட்டுத்தாங்க சொல்லணும்."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. பலகையின் படத்தைப் போட்டு, கீழே அந்த ஒரு வரியை மட்டும் போட்டாள்.

மறுநாள் வக்கீல்கள் கும்பலாக வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். ஒருவர் குதிரைகளைப் பார்த்து, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று கும்பிட்டார். பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசினார். பேசி முடித்த பிறகும் உட்காரவில்லை, உட்காரத் தோன்றவில்லை.

"யாருக்கும் கிடையாதுன்னு எழுதித் தொலைங்கய்யா" என்றார். குரலில் உயிர் இல்லை.

மூன்றாவது பலகை. 'இங்கு இனி யாருக்கும் லாடம் கட்டப்படாது.' பெயின்டர் அதை இழைத்து இழைத்து வரைந்தார். ஆனால் கலைஞன் மனசு கேட்குமா? கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கம்பி வழியாக எதிரே தெரிந்த கதவில் ஒரு படம் அழகாக இருந்தது. அதையும் பார்த்து வரைந்து சேர்த்துவிட்டார்.

அந்தப் படம், 'காவல் ஆய்வாளர்.'

கீழே இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுச் சத்தியம் செய்ததுபோல் பலகை வாசலில் தொங்கியது. லாயக்காரர் கண்டுபிடித்து ஓடுவதற்குள் பத்திரிகைக்காரப் பெண் படம் எடுத்துவிட்டாள். வக்கீல்கள் கைதட்டினார்கள். பெரிய அதிகாரியே நேரில் வந்து இன்ஸ்பெக்டரின் தோளைத் தட்டினார். இப்படி ஒரு மனிதாபிமானியைத் துறை இத்தனை நாள் அடையாளம் காணாமல் இருந்துவிட்டதே என்று வருந்தினார். எல்லா நிலையங்களிலும் இதே பலகை மாட்டப்பட வேண்டும், இதே கை எழுத வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் பல்வலிக்காரர் போல் சிரித்துக்கொண்டு நின்றார். பெயின்டருக்கு லாக்கப்பிலேயே ஒரு ஸ்டூல் போடப்பட்டது. காவலர்கள் அவரை வாங்க, போங்க என்று பேசினார்கள்.

இந்த நேரத்தில் மச்சான் வந்தார். வாசலில் நின்று பலகையை முழுக்கப் படித்தார், கீழே இருந்த பதவி வரைக்கும். லாயக்காரர் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் நேராக வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"உத்தரவு போட்டது அந்த ஆளு. நீங்க என்ன மாப்ளே பண்ணுவீங்க, பாவம்."

அன்று வீட்டில் தட்டு ஓசையில்லாமல் வந்தது. பக்கத்தில் மனைவியும் வந்து உட்கார்ந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் டாக்டரம்மா சொன்னபடியே மகாராணி கூசிக் கூசி நடந்தாள். கூழாங்கல்லைக் கண்டால் நின்று யோசித்தாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு, போன மானத்துக்கெல்லாம் சேர்த்துக் கோபம் வந்தது.

"பலகை ஊருக்கு. குதிரைக்கு இன்னைக்கே லாடம் கட்டணும். நிஜ லாடம்" என்று லாயக்காரருக்கு விளங்கும்படி சொன்னார்.

மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தன் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று அவர் சந்தோஷமாக வந்தார். லாயக்காரர் மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் மச்சான் போவார். சொல்லாவிட்டால் மகாராணி போவாள். தொண்டை வரைக்கும் வந்தது சொல்.

மச்சான் லாடத்தைப் பட்டறைக்கல்லில் வைத்து ஒரே ஒரு அடி அடித்தார். டங்.

தெருவில் ஒரு குரல் கேட்டது. "உள்ளே லாடம் கட்டுறாங்கப்பா."

அடுத்த நொடி வாசல் முழுக்கத் தலைகள், தலைகளுக்கு மேலே செல்போன்கள். வக்கீல் ஒருவர் மதிலிலேயே ஏறிவிட்டார். இன்ஸ்பெக்டர் வெளியே ஓடிவந்து, உள்ளே ஒன்றுமில்லை, குதிரைக்குத்தான் என்றார். பலகையில் யாருக்கும் இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கூட்டம் கேட்டது. மச்சான் சுத்தியலை வைக்கோலுக்குள் செருகிவிட்டு, தான் தங்கை மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவன் என்றார். பட்டறைக்கல்லை இன்ஸ்பெக்டர் தன் மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்தார். அதன் பிறகு அந்த வளாகத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஒருவரும் துணியவில்லை.

மழைக்காலம் முழுக்க மகாராணி வெறுங்காலோடு இருந்தாள். லாயக்காரர் ராவினார், சுரண்டினார், துடைத்தார், தரையைக் காயவைத்தார், புல்லை அளந்து போட்டார். நாற்றம் போயிற்று. மேலேயிருந்து வழவழவென்று புதுக் குளம்பு இறங்கி வந்தது. கூழாங்கல்லை அவள் கண்டுகொள்வதே இல்லை.

அணிவகுப்பு நாளில் வெளியூரிலிருந்து வந்த குதிரைகள் டக் டக் என்று வந்தன. மகாராணி மட்டும் மெத்தைமேல் நடப்பதுபோல் சத்தமில்லாமல், ஒரு எட்டு பிசகாமல் போனாள். அவள்மேல் இருந்தவர் இன்ஸ்பெக்டர். சொன்னதைக் குதிரைக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிற உத்தமர் என்று பெரிய அதிகாரி மேடையிலேயே புகழ்ந்தார். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம். மகாராணியைக் கழிப்பது பற்றி இனி யாரும் பேச முடியாது.

அன்றைக்குத்தான் பெயின்டருக்கு விடுதலை. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், ஊரிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் பலகை எழுதி முடித்துவிட்டு, விடைபெற லாயத்துக்கு வந்தார். மகாராணியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

லாயக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "படிக்கத் தெரியாம நீங்க செஞ்ச தப்பாலதான் இவ பொழைச்சா. நம்மளைப் பத்திப் பேப்பர்ல வந்திருக்கு. உட்காருங்க, நான் படிச்சுக் காட்டுறேன்."

பத்திரிகையை விரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பெயின்டர் அவருடைய தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபடி, அதே புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஒரு விரலை நீட்டினார்.

"அண்ணே, மூணாவது வரியில குதிரைக் குளம்புக்கு, சோத்துல ஊத்துற குழம்போட 'ழ'வைப் போட்டிருக்கான் பாருங்க. ஒரு எழுத்து மாறினா அர்த்தமே மாறிப்போயிடும்ணே. எழுதுறவன் கவனமா இருக்க வேண்டாமா?"