நோர்வேக்காரன் ஏன் தோற்றான்

"மூர்த்தி அண்ணே, ரேட்டிங்ல உங்களைவிட எழுநூறு புள்ளி கூட வச்சிருக்கிறவங்க, தாங்களாவே தேடி வந்து உங்ககிட்ட தோத்துட்டுப் போறாங்க. எப்படி?" என்று கேட்டார் செல்வராஜ்.

நியூசிலாந்தின் பக்குரங்காவில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய செஸ் கிளப்பின் செயலாளர் அவர். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த கணக்காய்வாளர். எதையும் உடனே நம்புகிற பழக்கம் இல்லை.

விநாயகமூர்த்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ர பேர் கொஞ்சம் பரவியிருக்கும்."

கிளப்பில் அவரைத் தோற்கடிக்காதவர் இல்லை. ஆனால் அந்த 2016 குளிர்காலத்தில் இணையத்தில் ஒரு நோர்வேக்காரன், ஒரு ஆர்ஜென்டினாக்காரன், ஒரு போலந்துக்காரன் என்று வரிசையாக அவரிடம் விழுந்தார்கள். முன்பெல்லாம் தோற்றுவிட்டு எழுந்தால் கறியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். இப்போது பாத்திரமும் கழுவி வைத்தார்.

"கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்குதுன்னு சிலர் பேசுறாங்க," என்றார் செல்வராஜ். அந்தச் சிலர் அவரேதான். "ஹாமில்டன் போட்டிக்குப் போற டீம்ல உங்களைச் சேர்க்கணும்னா இது தெளிவாகணும்."

கிளப் தொடங்கிய நாளிலிருந்து விநாயகமூர்த்தி ஏங்கியது அந்த டீமுக்குத்தான்.

"நான் வெண்ட ஆட்டத்தை எல்லாருக்கும் விளங்கப்படுத்துறன்," என்றார்.

அடுத்த கூட்டத்தில் நோர்வேக்காரனோடு ஆடியதைப் பலகையில் வைத்துக் காட்டினார். செல்வராஜ் பாதியில் நிறுத்தினார்.

"இங்க குதிரையை ஏன் வெட்டக் கொடுத்தீங்க?"

"குடுக்கேல்லை. கவனிக்கேல்லை."

"அப்போ அவன் ஏன் வெட்டல?"

"அவனும் கவனிக்கேல்லை."

செல்வராஜ் மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் விநாயகமூர்த்தியை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

கிளப்பில் அவரை நம்பிய ஒரே ஆள் நரேந்திரன். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குப் பின்னால இருந்து பாரும். பிறகு போய்ச் சாட்சி சொல்லும்."

மனைவி யோகராணி இருவருக்கும் தேத்தண்ணி வைத்துவிட்டு, தன் போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் நோர்வேக்காரன் ஆட்டத்துக்கு அழைத்தான். விநாயகமூர்த்தி வென்றார்.

நரேந்திரன் கிளப்பில் போய் அப்படியே சொன்னான். விளைவு, சந்தேகம் அவன்மேலும் விழுந்தது.

"பின்னாடி உக்காந்து நீங்க இருமினீங்களா?" என்று செல்வராஜ் அவனைக் கேட்டார்.

"தடிமன். மூக்கும் ஓடினது."

"எந்தெந்த இடத்துல இருமினீங்க?"

அன்று மாலையே நரேந்திரன் தொலைபேசியில் வந்தான். "அண்ணை, என்னை இதில இருந்து விட்டிடுங்கோ. இப்ப தும்மவும் பயமாயிருக்கு."

விநாயகமூர்த்திக்கு ரோசம் வந்துவிட்டது. நேரே செல்வராஜை அழைத்தார்.

"உங்கட வீட்டில, உங்கட கம்ப்யூட்டரில, எல்லாருக்கும் முன்னால ஆடிக் காட்டுறன்."

சனிக்கிழமை பின்னேரம் கிளப் முழுவதும் செல்வராஜ் வீட்டு வரவேற்பறையில் கூடியது. செல்வராஜ் அவருடைய போனை வாங்கி வைத்தார். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூட வந்த யோகராணி, செல்வராஜின் மனைவி குணவதிக்குச் சமையலில் உதவக் குசினிக்குப் போனாள்.

விநாயகமூர்த்தி காத்திருந்தார். நோர்வேக்காரன் வரவில்லை. ஆர்ஜென்டினாவும் போலந்தும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"இன்னிக்கு உங்க பேர் பரவல போல," என்ற செல்வராஜ், தானே ஒரு ஆளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

விநாயகமூர்த்தி எடுத்த எடுப்பிலேயே ராணியை இழந்தார். அடுத்து வந்தவன் அவரைவிடப் புள்ளி குறைந்தவன். அவனிடமும் தோற்றார். குணவதி ரோல்ஸ் தட்டோடு வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீம் பத்தி இனி பேச வேண்டாம், அண்ணே," என்றார் செல்வராஜ், மிகவும் மரியாதையாக.

திரும்பும்போது யோகராணிதான் காரை ஓட்டினாள். கண்ணாடியில் மழை.

"நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை, ராணி."

"ஓம், தெரியும்."

"அந்த நோர்வேக்காரன் ஒருக்கா வந்திருந்தாக் காணும். என்ர மானம் தப்பியிருக்கும்."

யோகராணி பெருமூச்சு விட்டாள்.

"நான் அங்க குசினியில ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டா, நோர்வேக்காரன் எப்பிடியப்பா வருவான்?"