உறுமாண்டியின் பானைக் கிருமிகள்

ஒரு காட்டில், கரடிகள் வரியாகக் கட்டிய தேனை நக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்த சிங்கராஜாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நாரை அலகால் குத்தி ரத்தம் எடுத்து மீட்டரைப் பார்த்தது. "இன்சுலின் போடணும் ராஜா. பன்றிக் கணையத்துலேர்ந்து எடுத்துக்கலாம்" என்றது. அன்றிலிருந்து பன்றிகளுக்கு டோக்கன். போன பன்றி எதுவும் திரும்பி வரவில்லை.

ஒருநாள் உறுமாண்டியின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கிழங்கு மண்டியில் பேரம் பேசியே வளர்ந்த பன்றி அது. கோபம் மூக்கு நுனியில். கணையத்தை ஓசியில் கொடுக்க அதற்கு மனசு வரவில்லை.

"ராஜா, பன்றிச் சரக்கு உமக்கு ஒத்துக்கலை. ஊசி போட்ட இடமெல்லாம் சொறியறீர். சிங்கத்து இன்சுலினையே அசலா செஞ்சு தர்றேன். அதுவரைக்கும் டோக்கனை நிறுத்தும்."

"எவன்டா செய்வான்?"

"என் குடல்ல கோடிக் கிருமிங்க சும்மா குந்தியிருக்கானுவ."

ராஜா சொறிந்துகொண்டே சம்மதித்தார். "அமாவாசைக்குள்ள சரக்கு வரலைன்னா நீதான் முதல்ல."

கிருமிக்குள் சின்ன மரபணு வளையம் ஒன்று உண்டு. இன்சுலின் செய்யும் சிங்க மரபணுவை நறுக்கி, நாரை அதில் ஒட்டிவிட்டது.

"எங்களுக்கு என்னண்ணே லாபம்?" என்று உறுமாண்டியிடம் கேட்டது ஒரு கிருமி.

"வெதுவெதுப்பா பானை, வெல்லத்தண்ணி. குடி, பெருகு, சரக்கைப் போடு."

"குடும்பத்துக்கு ஒரு பானை வேணும்."

"அரை மணிக்கு ஒரு குடும்பம் ஆவே நீ! ஒரே பானைதான். பிடிக்கலைன்னா சாணியோட போ."

கிருமிகள் பானையில் இறங்கின. முதலில் சரக்கு நன்றாக வந்தது. பிறகு பானை நுரைத்துத் ததும்பியதே தவிர, சரக்கைக் காணோம். உறுமாண்டி எட்டிப் பார்த்தது. பாதிக் கிருமிகள் வளையத்தைக் கழற்றி எறிந்திருந்தன. வேலை இல்லாததால் அவைதான் வேகமாகப் பெருகின; உழைத்தவை ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன.

"வெல்லம் குடிச்சீங்கல்ல, வேலை எங்கடா?"

"குடிச்சதே பெரிய வேலைண்ணே."

உறுமாண்டிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மண்டிக்குப் பின்னால் அழுகல் கிழங்குக் குழி ஒன்று இருந்தது. அங்கே பூத்த பூஞ்சையின் சாறு பட்டால் கிருமி சாகும். சாகாத கிருமியும் ஒன்று அங்கேயே இருந்தது. அதைப் பிடித்து வந்து, "இவனைச் சாகவிடாத மரபணுவையும் அதே வளையத்துல ஒட்டு" என்றது நாரையிடம். புது வளையத்தை மாட்டி, பானையில் பூஞ்சைச் சாற்றை ஊற்றியது. அதற்குப் பிறகு வளையத்தைக் கழற்றியவன் செத்தான். அமாவாசைக்கு முன்பே சரக்கு பொங்கி வழிந்தது.

ராஜாவுக்குச் சொறி நின்றது. சர்க்கரை இறங்கியது. பசி ஏறியது. உறுமாண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு நாள் நீ மருந்து. மருந்தை அளவாத்தான் தொடணும். இனிமே நீ வெறும் கறிதானே?"

உறுமாண்டி மண்டிப் பேரத்தைத் தொடங்கியது.

"தாராளமாத் தின்னும். ஆனா காலையில பானைக்கு நான் சாறு ஊத்தலை. இந்நேரம் பயலுவ வளையத்தைக் கழற்ற ஆரம்பிச்சிருப்பானுவ."

ராஜா நாரையைப் பார்த்தார். "அந்தச் சாறு எடுக்கிற குழி எங்கேய்யா?"

"நாத்தம் பிடிச்ச இடம் ராஜா, நான் போனதே இல்லை."

ராஜா எச்சிலை விழுங்கினார். "சரி, நீ இரு. மத்த பன்றிகளை அனுப்பு."

"அவங்க எல்லாரும் சாறு ஊத்துறவங்கதான் ராஜா. ஷிப்ட் வேலை."

நீதி: வேலையை முடித்துக் கொடுத்தவன் கறி, முடியாமல் பார்த்துக்கொள்கிறவன் அதிகாரி.