தோன்னா எர்சீலியா மாவு சலித்த கதை

‘எங்கள் வீட்டில் மட்டும் இல்லை’ என்று ஓர் இனம் உண்டு. காய்ச்சல் ஊரெல்லாம் இருக்கும், எதிர்வீட்டில் இருக்கும், மாடிவீட்டில் கட்டாயம் இருக்கும்; இவர்கள் வாசற்படியைக் கண்டால் மட்டும் மரியாதையாகத் திரும்பிப் போய்விடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தோன்னா எர்சீலியா (தோன்னா என்றால் நம்மூர் ‘அம்மாள்’ மாதிரி) இந்த இனத்தின் மகாராணி. இரண்டாம் உலகப் போரின் சண்டை வடக்கே நகர்ந்துபோய், பேனும் அது பரப்பும் டைஃபஸ் காய்ச்சலும் மட்டும் ஊரில் தங்கிவிட்ட குளிர்காலம் அது. பட்டாளத்து ஆட்கள் தெருமுனையில் நின்று, வருகிறவர் போகிறவர் சட்டைக் கழுத்துக்குள் குழாயை விட்டு வெள்ளை மருந்துப் பொடியை ஊதினார்கள். எர்சீலியா அக்கம்பக்கத்தாரை எல்லாம் வரிசைக்கு விரட்டினாள்.

“ஏண்டி விர்ஜீனியா, புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்ப் பொடி போட்டுக்கிட்டு வா. நாலு பேர் பொழங்குற இடம்.”

“நீங்க வரலியாக்கா?”

“எனக்கெதுக்குடி? எங்க வம்சத்துலயே பேன் கெடையாது.”

சொல்லும்போதே முதுகு பற்றி எரிந்தது. சிலுவை அடையாளம் போடுகிற சாக்கில் தோளைச் சொறிந்தாள். கதவுநிலையில் சாய்ந்து பேசுகிற சாக்கில் முதுகைத் தேய்த்தாள். திடீரென்று கூடிவிட்ட அவளுடைய பக்தியைத் தெருவே மெச்சியது. பாவம், அவள் பயம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மகள் நுன்சியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய் தோன்னா ஒர்தென்சியாவோ, பேன் என்று காதில் விழுந்தாலே சம்பந்தத்தை முறித்துக்கொள்கிற ரகம்.

கடைசியில் தாங்கமாட்டாமல், தெரிந்த முகமே இல்லாத துறைமுகப் பக்கம் போய்ப் பொடி ஊதிக்கொண்டாள். தலைமுதல் கால்வரை வெள்ளை. அப்பாடா என்று திரும்பினால், அடுத்த பொடிக் குழாய்க்காரன் முன்னால் அதே வெள்ளையாகச் சம்பந்தியம்மாள் ஒர்தென்சியா.

“என்ன சம்பந்தியம்மா, தலையெல்லாம் வெள்ளையா இருக்கு?” என்றாள் எர்சீலியா, முந்திக்கொண்டு.

“மாவு. கல்யாணக் கேக்குக்குச் சலிச்சேன். உங்களுக்கு?”

“எனக்கும் மாவுதான்.”

குழாய்க்காரன் தும்மினான்.

கல்யாணம் நடந்தது. ரொட்டிக்கே மாவு கிடைக்காத ஊரில் இரண்டு கேக் என்று செய்தி பரவி, தெருவே தட்டோடு வந்து நின்றது. பெண் வீட்டார் பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள், பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் அவித்த கஷ்கொட்டையைத் தின்றுவிட்டுப் போனார்கள். இரண்டு தாய்மாரும் சாகும்வரை உண்மையைச் சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் கை எத்தனை தடவை தலைக்குப் போனது? போகவே இல்லை என்கிறீர்களா? நினைத்தேன். உங்கள் வீட்டில் மட்டும் ஏது?