திரைஞானியின் கறுப்பு வட்டம்

அவசரப் பிரிவில் டாக்டர்களே கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்து பார்க்கிறார்களே ஒரு குட்டி ஸ்கேன், அது சும்மா ஒப்புக்காம். நிஜ ஸ்கேன் மாடியில் இருக்கிறதாம். யார் சொன்னது? அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய கொழுந்தியாள் சொன்னாளாம். இப்படிக் காதில் விழுந்ததையெல்லாம் வைத்தியமாக்கி, அடுத்தவர் வயிற்றில் இருப்பதை டாக்டருக்கு முன்னால் தானே பார்த்துச் சொல்லிவிடத் துடிக்கும் பிறவிக்கு நான் வைத்திருக்கும் பெயர் திரைஞானி.

பிழைக்கப் போன ஊரில் உறவென்று நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த நாலில் ஒருவர் இவர். தப்பவே முடியாது. மருத்துவமனையில் நோயாளிக்குத் தண்ணீர் தேடமாட்டார். திரை தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பார். டாக்டர் புருவத்தை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார்.

நான் பார்த்த திரைஞானிக்கு ஒரு மச்சினி. ஆறு வாரக் கர்ப்பம். அன்று காலை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, குளியலறையில் மயக்கம். அவள் கணவர், அதாவது இவருடைய சகலை, வேலை செய்யும் தொழிற்சாலையில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், மாலைவரை கிடைக்காது. அவர் தொழிற்சாலை வாசலிலேயே நின்று, வேலைக்குப் போகட்டுமா, கிளம்பி வரட்டுமா என்று இவரை போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் கறுப்பாக, உருண்டையாக, பளிச்சென்று ஒன்று. போதாதா?

"சகலை, குழந்தை நல்லாத் தெரியுது. கல்லுக்குண்டாட்டம் இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க."

"அது மூத்திரப்பை, சார்," என்றார் டாக்டரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அதற்குள் சகலை போனைப் பூட்டிவிட்டு உள்ளே போயாயிற்று. இவர் போனில் எடுத்த திரைப் படமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், மூக்கு அப்படியே அப்பா மாதிரி என்று பெரியம்மா தீர்ப்பும் சொல்லியாயிற்று.

கருவி கர்ப்பப்பையைத் தேடிப் பிடித்தது. அங்கே கரு இல்லை. விலாவுக்குக் கீழே நகர்ந்தது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே மெலிதாக ஒரு கறுப்புக் கோடு. இதை மட்டும் திரைஞானி கண்டுகொள்ளவில்லை. உருண்டையாக இல்லையே!

"வயித்துக்குள்ள ரத்தம் கசியுதும்மா. கரு குழாயில தங்கியிருக்கும்னு நினைக்கிறேன். உடனே ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து," என்றார் டாக்டரம்மா. ஒப்புக்குப் பார்த்ததற்கு ஆன நேரம் மூன்று நிமிடம்.

மச்சினி அழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இவரைப் பார்த்தாள்.

"அத்தான், உள்ள போறதுக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். நீங்க சொன்னதை நம்பித்தானே போனார்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை உங்கள் வீட்டுப் பெண்ணின் வயிற்றில் அந்தக் கருவியை வைத்தபோது நீங்கள் அவள் கையைப் பிடித்திருந்தீர்களா, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தீர்களா? என் கழுத்தைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். திரைஞானி கூடவே ஓடுகிறார். சகலையின் எண்ணை எட்டுத் தடவை அடித்துப் பார்த்தாயிற்று. இப்போது தொழிற்சாலை வரவேற்பறைக்கு அடிக்கிறார். மச்சினி கையை நீட்டியபடியே இருக்கிறாள். மறுமுனையில் மணி அடிக்கிறது, அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.